மனச்சோர்வுக்குப் பிறகு வரும் வருடங்கள்

பத்தொன்பது வயதில் மனச்சோர்வுக்காக நான் மாத்திரை சாப்பிட்டேன். கல்லூரியில் மூன்றாம் செமஸ்டர். ஹாஸ்டல் அறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தே ஐந்து மாதம் போனது. அப்புறம் வீட்டுக்கு வந்து, மருத்துவரைப் பார்த்து, மெல்ல எழுந்தேன். கடைசியாக அவரைப் பார்க்கப் போன நாளில் அம்மா தயங்கித் தயங்கி, "இனிமே வராதுல்ல டாக்டர்?" என்று கேட்டார். "வரலாம்மா. பாத்துக்கங்க" என்றார் அவர். அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த "வரலாம்" எங்களோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, பல வருடம் வீட்டிலேயே தங்கிவிட்டது.

மனச்சோர்விலிருந்து வெளியே வருவது எப்படி என்று எழுதப்பட்டவை ஏராளம். வெளியே வந்தவர்கள் அப்புறம் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டு எழுதப்பட்டவை கொஞ்சம்தான். இளம் வயதில் இது வந்துபோனவர்களுக்கு அந்த இரண்டாவது கேள்விதான் பெரியது. பதினேழில் வந்து பதினெட்டில் போய்விட்டால், முன்னால் இன்னும் ஐம்பது அறுபது வருடம் கிடக்கிறது. படிப்பு, வேலை, கல்யாணம், குழந்தை, அப்பா அம்மாவின் முதுமை எல்லாம் அதற்குப் பிறகுதான். அத்தனையையும் அந்த ஒரு "வரலாம்" என்ற சொல்லுக்குப் பயந்துகொண்டேதான் வாழ வேண்டுமா?

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். பேச்சில் எல்லாவற்றுக்கும் 'மன அழுத்தம்' என்றே சொல்கிறோம். பரீட்சைக்கு முந்தைய இரவில் வரும் நெருக்கடிக்கும் அதே பெயர், மாதக்கணக்கில் எழுந்திருக்க முடியாமல் கிடப்பதற்கும் அதே பெயர். மருத்துவம் மனச்சோர்வு என்று சொல்வது இரண்டாவதை. குறைந்தது இரண்டு வாரம், ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடக்கும். அல்லது எதிலும் பிடிப்பே இல்லாமல் போகும். கூடவே தூக்கம், பசி, கவனம், உடம்பின் தெம்பு எல்லாம் கெடும். தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்ளத் தோன்றும். வாழவே வேண்டாம் என்ற எண்ணமும் வரலாம். பதின்ம வயதில் இது சோகமாகத் தெரியாமல் எரிச்சலாகவும் கோபமாகவும் வெளிப்படலாம். அதனால்தான் பல வீடுகளில் "திமிரு", "வயசுக் கோளாறு" என்று பெயர் வாங்கிக்கொண்டே அது வளர்ந்துவிடுகிறது.

இளமையில் வருவது அபூர்வமும் இல்லை. உலகெங்கும் நடந்த 192 ஆய்வுகளைச் சேர்த்து, 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை வைத்து 2022இல் ஒரு கணக்கு வெளிவந்தது. மனநலக் கோளாறுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், 48 சதவீதம் 18 வயதுக்கு முன்பும், 62 சதவீதத்துக்குச் சற்று மேல் 25 வயதுக்கு முன்பும் தொடங்கிவிடுகின்றன. மனச்சோர்வைத் தனியாக எடுத்தால் சராசரி வயது கொஞ்சம் தள்ளிப்போகும். ஆனாலும் பதின்மமும் இருபதுகளின் தொடக்கமும் அது முதன்முதலாக எட்டிப்பார்க்கும் முக்கியமான காலம்.

சரி, அந்த "வரலாம்" எங்கிருந்து வந்தது?

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2000ஆம் வருட நோயறிதல் கையேடு இப்படிச் சொன்னது: ஒருமுறை பெரும் மனச்சோர்வு வந்தவர்களில் குறைந்தது 60 சதவீதம் பேருக்கு இரண்டாவது முறை வரும். இரண்டு முறை வந்தவர்களில் 70 சதவீதம் பேருக்கு மூன்றாவது முறை. மூன்று முறை வந்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு நான்காவது முறை. மாடிப்படி போல ஏறும் இந்த எண்களைப் படித்துத்தான் ஒரு தலைமுறை மருத்துவர்கள் வளர்ந்தார்கள். இவை பொய்யில்லை. ஆனால் இப்படிப்பட்ட எண்கள் பெரும்பாலும் யாரைப் பார்த்து எடுக்கப்பட்டவை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சிறப்பு மருத்துவமனைகளுக்கு வந்தவர்களைப் பார்த்து எடுத்தவை அவை.

ஏதாவது ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வெளியே, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெஞ்சில் இருபது பேர் காத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு முறை நோய் வந்து, ஆறேழு மாதம் மருந்து சாப்பிட்டு, குணமாகி வேலைக்குப் போய்விட்டவர் அந்த பெஞ்சில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பதினைந்து வருடமாக மாதாமாதம் வருபவரோ எந்தச் செவ்வாய்க்கிழமை போனாலும் இருப்பார். அந்த பெஞ்சையே தினமும் பார்க்கும் மருத்துவருக்கு இந்த நோய் எப்படித் தெரியும்? போகவே போகாத ஒன்றாகத்தான் தெரியும். பாட்ரீஷியா கோஹன், ஜேக்கப் கோஹன் என்ற இரு ஆய்வாளர்கள் 1984இல் இதற்கு 'மருத்துவரின் மாயை' என்று பெயர் வைத்தார்கள். குணமானவர்கள் "குணமாகிட்டேன் டாக்டர்" என்று சொல்ல வருடாவருடம் மருத்துவமனைக்கு வருவதில்லை. நானும் போகவில்லை.

பெஞ்சை விட்டுவிட்டு ஊரைப் பார்த்தால் என்ன தெரியும்? அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1981இல் சாதாரண குடிமக்கள் சுமார் 3,500 பேரை வீடு வீடாகப் போய்ப் பேட்டி எடுத்தார்கள். அவர்களையே இருபது வருடத்துக்கும் மேல் விடாமல் தொடர்ந்தார்கள். அந்தக் காலத்தில் 92 பேருக்கு முதன்முறையாக மனச்சோர்வு வந்தது. இவர்களுக்கு அப்புறம் என்ன ஆனது என்பது 2008இல் வெளியானது. ஏறக்குறைய பாதிப் பேர் குணமானார்கள், திரும்ப வரவேயில்லை. சுமார் 15 சதவீதம் பேருக்கு ஒரு முழு வருடம்கூட நோயில்லாமல் கழியவில்லை. மற்றவர்களுக்கு வந்து வந்து போனது. 92 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். இருந்தாலும் பாதிப் பேருக்கு மறுபடி வரவில்லை என்ற செய்தி அந்த 60, 70, 90க்குப் பக்கத்தில் வேறு ஒரு நோயைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கிறது.

பால்டிமோர் கணக்கு பெரியவர்களையும் சேர்த்தது. இளையவர்களை மட்டும் பார்த்த ஒரு பெரிய ஆய்வு ஆஸ்திரேலியாவில், மெல்பர்ன் நகரம் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் நடந்தது. 1992இல் தொடங்கி, 1,943 பள்ளி மாணவர்களை அவர்கள் இருபதுகளின் கடைசியை எட்டும் வரை, 2008 வரை, தொடர்ந்தார்கள். மனச்சோர்வையும் பதற்றத்தையும் சேர்த்தே அளந்தார்கள். பதின்ம வயதில் ஒருமுறையாவது அந்த நிலைக்குப் போனவர்கள், ஆண் பிள்ளைகளில் 29 சதவீதம், பெண் பிள்ளைகளில் 54 சதவீதம். அவர்களில் 60 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு இருபதுகளிலும் அது மறுபடி வந்தது. ஆனால் பதின்மத்தில் ஒரே ஒரு முறை, அதுவும் ஆறு மாதத்துக்குள் முடிந்துபோயிருந்தால், அப்படிப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பிறகு எந்தத் தொந்தரவும் வரவில்லை. இருபதுகளின் இறுதியில் எல்லோருக்கும் சேர்த்தே விகிதம் நன்றாக இறங்கிவிட்டது.

இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்த ஆறு மாதம். எத்தனை நாள் நீடித்தது என்பதைப் பொறுத்துப் பின்னால் வரும் வருடங்கள் மாறுகின்றன. அப்படியென்றால் நாளைக் குறைக்கும் எதுவும் எதிர்காலத்துக்குப் போட்டு வைக்கும் சேமிப்புதான். நம் ஊரில் அந்த முதல் ஆறு மாதம் எப்படிப் போகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். முதல் மாதம் "செல்போனை வாங்கி வை". இரண்டாம் மாதம் "யாரோ கண்ணு வச்சுட்டாங்க". மூன்றாம் மாதம் சொந்தக்காரர் யாராவது வந்து, "எங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?" என்று ஒரு பிரசங்கம். மருத்துவமனைப் படி ஏறுவதற்குள் வருடம் ஒன்று ஓடிவிடும். ஏறாமலே போகிறவர்கள்தான் அதிகம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி இந்தியாவில் மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை.

இன்னொரு ஆய்வையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், அது அவ்வளவு இனிப்பானது அல்ல. 2000ஆம் வருடத்தையொட்டி அமெரிக்காவில் 12 முதல் 17 வயது வரையான 439 பேருக்கு மனச்சோர்வுச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். மிதமான நிலையிலிருந்து கடுமையான நிலை வரை இருந்த பிள்ளைகள் அவர்கள். பன்னிரண்டு வாரத்தில் மாத்திரையும் பேச்சுச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 சதவீதம் பேர் தேறினார்கள். வெறும் மாவு மாத்திரை பெற்றவர்களில் அது 35 சதவீதம். பிறகு 196 பேரை ஐந்து வருடம் வரை தொடர்ந்தார்கள். 96 சதவீதம் பேர் அந்த முதல் நோயிலிருந்து முழுக்க வெளியே வந்துவிட்டார்கள். கேட்க எவ்வளவு ஆறுதலாக இருக்கிறது! ஆனால் குணமானவர்களில் 47 சதவீதம் பேருக்கு அதே ஐந்து வருடத்துக்குள் திரும்பவும் வந்தது. பெண் பிள்ளைகளுக்கு அதிகமாக, பாதிக்கும் மேல். எந்தச் சிகிச்சை எடுத்தார்கள் என்பது இதை மாற்றவில்லை.

ஆகவே மருத்துவர் அம்மாவிடம் சொன்னது சரி. வரலாம். ஆனால் அதே அளவுக்கு, வராமலும் போகலாம். இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் எங்கள் வீடு வேறு மாதிரி மூச்சு விட்டிருக்கும். அம்மா மூன்று வருடம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொஞ்சம் அதிக நேரம் தூங்கினால் கதவருகே வந்து நின்றுவிட்டுப் போவார். அன்புதான். ஆனால் அந்தக் காவலும் ஒரு பாரம். நான் இன்னும் நோயாளிதான் என்று தினமும் நினைவூட்டும் பாரம்.

திரும்ப வராமலிருப்பது ஒன்று, நன்றாக வாழ்வது இன்னொன்று. மனச்சோர்வு ஆய்வுகளில் இதைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கியதே அண்மையில்தான். பெரும்பாலான ஆய்வுகள் அறிகுறிகளை எண்ணுவதோடு நிறுத்திவிடும். தூக்கம் சரி, பசி சரி, அழுகை இல்லை, அவ்வளவுதான், குணமானவர். உளவியலாளர் கேரல் ரிஃப் 1989இல் நல்ல வாழ்க்கையை அளக்க ஆறு விஷயங்களை முன்வைத்தார். தன்னை ஏற்றுக்கொள்வது, நெருக்கமான உறவுகள், தன் முடிவைத் தானே எடுப்பது, அன்றாட வாழ்க்கையைச் சமாளிக்கும் திறன், வாழ்வதற்கு ஒரு நோக்கம், வளர்ந்துகொண்டிருக்கிறோம் என்ற உணர்வு. இவற்றில் ஒன்றுகூட அறிகுறிப் பட்டியலில் கிடையாது.

ஜானதன் ராட்டன்பெர்க், டாட் காஷ்டன் முதலிய ஆய்வாளர்கள் 2019இல் இந்த அளவுகோலை எடுத்து ஒரு கேள்வி கேட்டார்கள். மனச்சோர்வு வந்துபோனவர்கள் பத்து வருடம் கழித்துச் சும்மா சமாளிக்கிறார்களா, உண்மையிலேயே செழிப்பாக வாழ்கிறார்களா? அமெரிக்காவில் நடுவயதினரை நீண்ட காலம் தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வின் தரவுகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வைத்த வரம்பு மிகக் கடுமையானது. மனச்சோர்வின் சுவடே இருக்கக் கூடாது. அதோடு, ரிஃபின் ஆறோடு இன்னும் மூன்றைச் சேர்த்து, ஒன்பது அம்சங்களிலும், நோயே வராதவர்களில் மேல்வரிசைக் கால்பங்கினரை அடையாளம் காட்டும் வரம்புகளைத் தாண்டியிருக்க வேண்டும். அதாவது நன்றாக இருப்பவர்களிலேயே மிக நன்றாக இருப்பவர்களுக்குச் சமமாக. அந்தக் கடுமையான கதவு வழியாகவும் ஏறக்குறைய பத்தில் ஒருவர் உள்ளே போனார்கள்.

பத்தில் ஒருவர்தானா என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த நோய் வந்தவர்கள் அந்த உயரத்துக்குப் போவார்களா என்று அதுவரை அதிகம் பேர் கணக்குப் பார்க்கவில்லை. ஒன்பதிலும் முதல் வரிசை என்பது நோயே வராத என் சித்தப்பா பெரியப்பாக்களுக்கும் எட்டாதது. அதற்குக் கீழே, ஏழெட்டு அம்சங்களில் நிறைவாக, ஒன்றிரண்டில் குறைவாக வாழ்கிறவர்கள் அந்தப் பத்தில் ஒருவருக்குள் வரமாட்டார்கள். ஆனால் அவர்கள் வாழ்வதும் நல்ல வாழ்க்கைதானே.

இனி, உள்ளே நடப்பது. மனச்சோர்வு போன பிறகு மிகவும் படுத்துவது சாதாரண சோகம். எல்லோருக்கும் வரும் சோகம். நண்பன் பேசவில்லை, மார்க் குறைந்தது, மழைக்கால மாலை ஒன்று காரணமில்லாமல் கனக்கிறது. மற்றவர்களுக்கு அது ஒரு மாலைப் பொழுது. நமக்கு உடனே "ஐயோ, வந்துடுச்சு" என்று அடிவயிறு கலங்கும். பயப்படுகிறோம், பயந்ததற்காக நம்மைத் திட்டிக்கொள்கிறோம், ஏன் இப்படி ஆகிறது என்று தோண்டுகிறோம். சோகம் கரைந்து போயிருக்கும், தோண்டல் அதை இருக்க வைக்கிறது.

இது வெறும் என் அனுபவம் இல்லை. ஜான் டீஸ்டேல் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1988இலேயே இப்படி ஒரு விளக்கம் தந்தார். முதல்முறை நோயின்போது தாழ்ந்த மனநிலையும் "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற வகை எண்ணங்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. நோய் போன பிறகும் பின்னல் இருக்கிறது. பின்னால் ஒரு நாள் மனம் கொஞ்சம் தாழ்ந்தாலும் அந்த எண்ணங்கள் கூடவே எழுந்து வந்துவிடுகின்றன. டொராண்டோவில் ஸிண்டல் சீகலும் சக ஆய்வாளர்களும் இதைச் சோதித்தார்கள். குணமானவர்களை ஒரு சோக இசையைக் கேட்கவைத்து, பழைய வருத்தம் ஒன்றை நினைக்கச் சொன்னார்கள். சில நிமிடத்துக்கு எல்லோருக்கும் மனம் தாழ்ந்தது. அந்த நேரத்தில் யாருக்கு எண்ணங்களும் சேர்ந்து கறுத்தனவோ, அவர்களுக்கே அடுத்த ஒன்றரை வருடத்தில் நோய் அதிகமாகத் திரும்பியது. சோகம் வருவது ஆபத்தாக இல்லை. சோகத்தோடு தன்னைப் பற்றிய தீர்ப்பும் சேர்ந்து வருவதுதான் ஆபத்தாக இருந்தது.

இதிலிருந்துதான் டீஸ்டேல், சீகல், மார்க் வில்லியம்ஸ் மூவரும் எட்டு வாரப் பயிற்சி ஒன்றை உருவாக்கினார்கள். மூச்சையும் உடம்பையும் கவனிக்கும் தியான முறையும் எண்ணங்களை ஆராயும் சிகிச்சை முறையும் கலந்தது. எண்ணத்தோடு சண்டை போடாமல், அதை நம்பியும் விடாமல், "இதோ அந்தப் பழைய எண்ணம் வந்திருக்கிறது" என்று பார்க்கப் பழகுவது. குணமான 145 பேரிடம் சோதித்து 2000இல் வெளியிட்டார்கள். மூன்று முறையோ அதற்கு மேலோ நோய் வந்தவர்களில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 66 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் திரும்பியது. பயிற்சியும் பெற்றவர்களில் 37 சதவீதம். இரண்டே முறை வந்தவர்களுக்குப் பயன் தெரியவில்லை என்பதையும் அவர்களே சொன்னார்கள். எல்லோருக்கும் தியானமே மருந்து என்று யூடியூபில் சொல்கிறவர்கள் இந்தக் கடைசி வரியை விட்டுவிடுகிறார்கள்.

ஜிம்பாப்வேயில் ஷோனா மொழி பேசுகிறவர்கள் இந்த நிலையை 'குஃபுங்கிசிசா' என்கிறார்கள். அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். "யோசிச்சு யோசிச்சே இப்படி ஆயிட்டான்" என்று நம் பாட்டிகள் சொல்வதற்கும் அதற்கும் அதிக தூரமில்லை. ஹராரே நகரத்து மருத்துவ நிலையங்களின் வெளியே மர பெஞ்ச் போட்டு, பயிற்சி பெற்ற பாட்டிகளை உட்காரவைத்து, வருகிறவர்களோடு பேசவைத்தார் மனநல மருத்துவர் டிக்ஸன் சிபாண்டா. யோசித்துக்கொண்டே இருக்கும் பத்துப் பிரச்சினைகளில் ஒன்றை மட்டும் எடுத்து, அதற்கு இந்த வாரம் என்ன செய்யலாம் என்று பார்ப்பதே முறை. 2016இல் வெளியான சோதனையில், ஆறு மாதம் கழித்து மனச்சோர்வு அறிகுறி இருந்தவர்கள் பெஞ்சுக்கு வந்தவர்களில் 14 சதவீதம், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 50 சதவீதம்.

கோவாவிலும் இதற்கு நெருக்கமான ஒன்று நடந்தது. விக்ரம் பட்டேலும் சங்காத் அமைப்பும் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆலோசகர்களாக்கினார்கள். ஆறிலிருந்து எட்டு சந்திப்புகள், ஒவ்வொன்றும் முப்பது நாற்பது நிமிடம். அடிப்படை யோசனை ஒன்றுதான்: மனம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், செய்யத் தொடங்கினால் மனம் பின்னால் வரும். கோவிலுக்குப் போவதோ, தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதோ, அக்காவுக்குப் போன் போடுவதோ, எதுவானாலும் சின்னதாக ஒன்றைக் குறிப்பிட்ட நேரத்துக்கு வைத்துக்கொள்வது. 495 பேரிடம் சோதித்ததில் மூன்று மாதத்தில் 64 சதவீதம் பேர் நோய் நிலையிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். இந்த ஆலோசனை இல்லாதவர்களில் 39 சதவீதம். ஒரு வருடம் கழித்தும் பலன் நின்றது.

இது சிகிச்சைக்காகச் செய்தது. ஆனால் குணமான பிறகு வாழ்வதற்கும் எனக்கு இதைவிட உருப்படியான ஒன்று கிடைக்கவில்லை. மனம் எப்படி இருந்தாலும் காலை ஆறரைக்கு பால் வாங்கப் போவது நான்தான் என்று வீட்டில் முடிவானது. யாரும் அதைச் சிகிச்சை என்று சொல்லவில்லை. போய்க்கொண்டே இருந்தேன். தூக்கமும் அதோடு ஒழுங்குக்கு வந்தது. தூக்கத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தூக்கமின்மை உள்ளவர்களுக்குப் பின்னால் மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று, பல நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வந்த கணக்கு சொல்கிறது. ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருப்பதை இளமையின் அடையாளமாக நினைக்கும் வயதில் இதை ஏற்பது கஷ்டம்தான்.

இளமையில் வந்த நோய் போகும்போது சில மிச்சங்களை விட்டுப்போகிறது. இதை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. நாற்பதில் வந்தவருக்கு நோய் போனதும் திரும்பிப் போக ஒரு வேலை, ஒரு வீடு, பழகிய ஆட்கள் இருப்பார்கள். பதினெட்டில் வந்தவருக்கு அதெல்லாம் கட்டப்பட வேண்டிய நேரத்தில்தான் நோய் வந்தது. எனக்கு மிஞ்சியது ஏழு அரியர். கூடப் படித்தவர்கள் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு டை கட்டிக்கொண்டிருந்தபோது நான் ஜூனியர்களோடு கணக்குத் தேர்வு எழுதினேன். பதில் அனுப்பாமல் விட்ட மெசேஜ்களோடு நண்பர்கள் போய்விட்டார்கள். அவர்கள் பார்வையில் நான்தான் விலகினேன். அறிகுறிகள் எல்லாம் போய் இரண்டு வருடம் கழித்தும் நான் சந்தோஷமாக இல்லை. நோய் இன்னும் போகவில்லையோ என்று நினைத்தேன். நோய் போய்விட்டது. அரியரும் தனிமையும் போகவில்லை.

இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் தப்பான கதவைத் தட்டிக்கொண்டே இருப்போம். அரியருக்கு மாத்திரை கிடையாது. அதற்கு வேண்டியது ஒரு நேர அட்டவணை, கூட உட்கார்ந்து படிக்க ஒரு ஆள், ஒரு செமஸ்டருக்கு இரண்டு தாள் போதும் என்ற பொறுமை. போன நண்பர்களில் ஒருவனுக்கு நான்கு வரியில் ஒரு செய்தி அனுப்பினேன். "அப்போ உடம்பு சரியில்லடா, உன்கிட்ட சொல்லத் தெரியல" என்று. அவன் போனே போட்டுவிட்டான். எல்லோரும் போடமாட்டார்கள். ஒருவர் போட்டால்கூட உலகம் கொஞ்சம் பெரிதாகிறது.

பெற்றோர்கள் இந்த இடத்தில் செய்யும் ஒன்றைச் சொல்ல வேண்டும், குறை சொல்வதற்காக அல்ல. பிள்ளை எழுந்து நடமாடத் தொடங்கியதும், போன வருடத்தையும் சேர்த்து ஈடுகட்டச் சொல்லி அவசரப்படுகிறார்கள். அல்லது நேர்மாறாக, எதையும் செய்யவிடாமல் பொத்திப் பொத்தி வைக்கிறார்கள். வெளியூர் வேலை வேண்டாம், தனியாக அறை எடுக்க வேண்டாம், உனக்குச் சரிவராது. ரிஃப் சொன்ன ஆறில் தன் முடிவைத் தானே எடுப்பதும் சமாளிக்கும் திறனும் இருந்தனவே, அவை இரண்டும் பொத்தி வைத்தால் வளராது.

அப்புறம் கல்யாணப் பேச்சு. "சொல்லணுமா வேண்டாமா?" என்ற கேள்வி, குறிப்பாகப் பெண்களுக்கு, எல்லாவற்றையும்விடப் பெரிதாக நிற்கிறது. இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிகிச்சை விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படுவதை 23ஆம் பிரிவில் உரிமையாகவே தருகிறது. சட்டமே சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, மருத்துவமனையிலிருந்து யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது. யாரிடம், எப்போது சொல்வது என்பது சம்பந்தப்பட்டவரின் முடிவு. புரோக்கரிடமோ சொந்தக்காரர் கூட்டத்திலோ சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் கூட வாழப்போகிறவரிடம், நிச்சயத்துக்கு முன், தனியாக, சாதாரணக் குரலில் சொல்லிவிடுவது நல்லது என்பது என் எண்ணம். மறைத்து வைத்த மாத்திரைப் பெட்டியோடு குடும்பம் நடத்துகிறவர்கள் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், தூக்கம் கெட்டாலும் வெளியே காட்டுவதில்லை. மறைப்பதற்குச் செலவாகும் தெம்பு கொஞ்சமில்லை. அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்ச் சிகிச்சைக்கும் காப்பீடு வழங்க வேண்டும் என்கிறது. வேலைக்குப் போகத் தொடங்குகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

மருந்து பற்றிச் சுருக்கமாக. நன்றாகிவிட்டது என்று தோன்றும் அன்றைக்கே நிறுத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அறிகுறிகள் போன பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர்வது வழக்கம். நிறுத்தும்போது மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இளம் வயதினருக்கு மருந்து தொடங்கும் முதல் வாரங்களில் வீட்டார் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்ற எச்சரிக்கை அமெரிக்காவில் 2004இல் வந்த உத்தரவுப்படி மருந்தோடு வரும் குறிப்பிலேயே இருக்கிறது. அது மருந்தைத் தவிர்ப்பதற்குக் காரணம் ஆகாது, கூட இருப்பதற்குக் காரணம்.

திரும்ப வந்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடித்தால் அவர்களுக்கு அநியாயம் செய்தவனாவேன். எனக்கும் முப்பத்தொன்றில் ஒருமுறை திரும்ப வந்தது. பத்தொன்பதில் ஐந்து மாதம் கிடந்தவன், இந்த முறை மூன்றாவது வாரமே மருத்துவரிடம் இருந்தேன். ஒன்பது வாரத்தில் அலுவலகம் போனேன். இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு வருடம் இருந்தது. அந்தப் பன்னிரண்டு வருடத்தில் அரியர் முடித்தேன், வேலைக்குப் போனேன், தங்கை கல்யாணத்தில் பந்தி பரிமாறினேன், மலையேறக் கற்றுக்கொண்டேன். இரண்டாவது முறை வந்ததால் அந்த வருடங்கள் பொய்யாகிவிடவில்லை.

மூன்றாவது வாரமே போக முடிந்ததற்குக் காரணம் ஒரு தாள். இருபத்திரண்டு வயதில், நன்றாக இருந்த ஒரு நாளில், ஒரு மருத்துவர் சொல்லி எழுதியது. எனக்கு வரும்போது முதலில் என்னவெல்லாம் மாறும் என்ற பட்டியல். ஒவ்வொருவருக்கும் இது வேறு. எனக்குக் குளிப்பது தள்ளிப்போகும். போன் அடித்தால் எடுக்காமல் அது நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பேன். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்று தெரியாது. விடிகாலை மூன்றரைக்கு முழிப்பு வரும். இவற்றில் மூன்று, பத்து நாளுக்கு மேல் நீடித்தால் யாரிடம் சொல்ல வேண்டும், எந்த மருத்துவர், அவர் ஊரில் இல்லாவிட்டால் எந்த எண் என்று கீழே இருக்கும். இந்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 இருக்கிறது, தமிழிலும் பேசலாம், எந்த நேரத்திலும். தமிழ்நாட்டில் 104. இலங்கையில் 1926. வாழ வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் பத்து நாள் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே, அந்த மணிக்கே என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

அந்தத் தாள் வந்த பிறகுதான் அம்மா என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தினார். எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மற்ற நாட்களில் நான் எட்டு மணி வரை தூங்கினாலும் கதவருகே யாரும் வந்து நிற்பதில்லை. முப்பத்தொன்றில் ஒரு ராத்திரி, ரசம் ஊற்றிக்கொண்டே, "உப்பு சரியா இருக்காப்பா?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு, மறுநாள் காலை எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று கேட்டார்.